இஸ்ரபிலின் நாக்கடியில் இருந்த சொல்

ஆட்டுக்குத் தெரியும், ஆற்றுக்குத் தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது என்று சொல்லித்தான் உர்ஸோவில் எந்தக் கதையையும் தொடங்குவார்கள். இஸ்ரபிலின் கதையையும் இப்போது அப்படித்தான் தொடங்குகிறார்கள். அவனுக்குத்தான் அதைக் கேட்கப் பிடிப்பதில்லை. யாராவது "ஆட்டுக்குத் தெரியும்" என்று வாயெடுத்தாலே, வேனுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுந்து போய்விடுவான்.

உர்ஸோ காகசஸ் மலையில், தாகெஸ்தானின் மேற்கு ஓரத்தில், வரைபடத்தை மடிக்கும்போது சரியாக மடிப்பு விழுகிற இடத்தில் இருக்கிறது. ஊருக்கும் அதுதான் பெயர், மொழிக்கும் அதுதான் பெயர். சந்தைக்கு இறங்கினால் அவார், அலுவலகத்தில் ருஷ்யன், தொழுகைக்கு அரபு என்று ஆளுக்கு நாலு மொழி வைத்திருந்த அந்த ஊரில், அடுப்படிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் சண்டைக்கும் சமாதானத்துக்கும் மட்டும் உர்ஸோ. அதற்கு எழுத்து கிடையாது. கடிதம் போட்டுப் பேசும் தொலைவில் உர்ஸோ தெரிந்தவர் யாரும் இல்லாததால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. பேசுகிறவர்கள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம், வேற்றுமைகள் நாற்பத்தொன்று. நம் இலக்கணக்காரர்கள் எட்டோடு நிறுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள். உர்ஸோக்காரர்களோ கல்லின்மேல் கிடப்பது, கல்லில் ஒட்டியிருப்பது, கல்லுக்கடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி உருபு வைத்திருந்தார்கள், ஏனென்றால் மலையில் கல் எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லாவிட்டால் ஆள் செத்துப்போவான்.

அப்படித்தான் ஓர் ஆள் செத்துப்போனான். மார்ச் மாதத்தில், பனி உருகத் தொடங்கிய வாரத்தில், இஸ்ரபில் ஓட்டிய வேன் ஊருக்குக் கீழே மூன்றாவது வளைவில், இரவோடு இரவாகச் சரிந்து கிடந்த கற்களைக் கண்டு பிரேக் பிடித்து, சறுக்கி, பாறையில் மோதியது. ஆறு பேர் சிராய்ப்போடு இறங்கினார்கள். முன் இருக்கையில் இருந்த தாஹிர் இறங்கவில்லை. அவன் ருகியாத்தின் ஒரே மகன், வயது இருபத்தாறு. மாவட்டத்திலிருந்து வந்த காவலர்கள் கற்களை அளந்து, சக்கரத் தடத்தை அளந்து, ஓட்டியவர்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அது ருஷ்ய மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே உர்ஸோ அதைத் தன்னைப் பற்றிய சங்கதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

உர்ஸோவின் வழக்கம் வேறு. ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தவன், தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அங்கே ஒரு கல் குடிசை அதற்கென்றே இருக்கிறது. தாடி எடுக்கக் கூடாது, பாலத்தைத் தாண்டக் கூடாது, வீட்டுக்காரி கொண்டுவரும் ரொட்டியைப் பாலத்தின் நடுவில் வாங்கிக்கொள்ள வேண்டும். இறந்தவனுக்கு நெருங்கிய ரத்தம் எதுவோ அது ஊர் கூடியிருக்கையில் அவனைப் பார்த்து, மன்னித்தேன் என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொன்னால் அவன் திரும்பி வரலாம். காலை மிதித்ததற்கும் கடன் கேட்டதற்கும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். அதற்கெல்லாம் அவார் மொழியில் வேண்டிய மட்டும் இருக்கிறது. இந்தச் சொல்லைக் கடைசியாக ஊர் கேட்டு முப்பத்தோரு வருடம் ஆகியிருந்தது. அது என்ன சொல் என்று இங்கே எழுதிக் காட்ட ஆசைதான். முடியாது.

இஸ்ரபில் பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆன பிறகு, மே மாதம் ஒரு வியாழக்கிழமை, உர்ஸோவின் சொற்கள் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றாகிவிட்டன.

முதலில் தெரிந்தது கடையில். ஒருத்தி கடைக்காரரிடம் "உப்பு" என்றாள். அவர் எடுத்துத் தந்தார். எவ்வளவு என்று சரிபார்க்க அவள் மறுபடி அதைச் சொல்ல வாயைத் திறந்தால், சொல் இல்லை. மறதி வேறு, மறந்த சொல் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடும். இது வீட்டிலேயே இல்லை. கடைக்காரரோ தன் நாக்கடியில் வாதுமைக் கொட்டை போல எதுவோ உருளுவதை உணர்ந்து, "உப்பு" என்றார், அவளைப் பார்த்து. உடனே அது அவருக்கு இல்லாமல் போய் அவளுக்கு வந்தது. இருவரும் மத்தியானம்வரை அந்தச் சொல்லை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் விதியைப் புரிந்துகொண்டது: சொல்லை யாரைப் பார்த்துச் சொல்கிறாயோ அவரிடம் அது போய்விடும், அவர் இன்னொருவரிடம் சொல்லும்வரை அவரிடமே இருக்கும், உனக்கே சொல்லிக்கொண்டால் உன்னிடமே தங்கிவிடும், யாரும் இன்னும் தொடாத சொல் யாருக்கும் வரும்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊர் அதிக நேரம் யோசிக்கவில்லை. கைப்பேசிக் கோபுரம் என்றார் ஒருவர், நாலு வருடத்துக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்துபோன ஆராய்ச்சியாளர் என்றார் இன்னொருவர். இரண்டையும் திரும்ப அனுப்ப முடியாது என்பதால் பேச்சு அதோடு நின்றது. செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. காலையில் "நெருப்பு" வேண்டுமென்றால் நேற்று அதை யாரிடம் சொன்னோம் என்று நினைத்து அந்த வீட்டுக்குப் போய், அங்கிருப்பவரைச் சொல்லவைத்து வாங்கிவர வேண்டும். வசைகளுக்குத்தான் பெரிய சேதம். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஓடிய சண்டை இப்போது ஒரே ஒரு "கழுதை"யை இரண்டு பேர் பந்துபோல எறிந்து பிடிப்பதாகச் சுருங்கி, பார்ப்பவர்கள் சிரித்துவிடுவதால் பாதியில் முடிந்தது. மலாச்சி என்ற மேய்ப்பன் தனியாக மலையில் நின்று தனக்குத்தானே ஆடு எண்ணுகிறவன். ஒன்று முதல் நூற்றெண்பதுவரை எல்லா எண்ணும் அவனிடமே தங்கிவிட்டன என்பது ஒன்பதாம் நாள்தான் தெரிந்தது. ஊரே அவனைத் திருடன் என்றது. "நான் எங்கே திருடினேன்? எனக்கு வேற ஆளே இல்லையே பேசறதுக்கு!" என்று அவன் அழுதான்.

அதைவிடப் பெரிய பயம், போனால் வராத சொற்களைப் பற்றியது. ஓர் இளம் தாய் தொட்டிலில் கிடந்த பத்து மாதக் குழந்தையிடம் "தூங்கு" என்று சொல்லிவிட்டாள். குழந்தை அதை வைத்துக்கொண்டு உர்ஸோவையே பார்த்துச் சிரித்தது. அது பேசக் கற்கும்வரை அந்த ஊரில் யாரும் யாரையும் உர்ஸோவில் தூங்கச் சொல்ல முடியவில்லை. "வா" ஒரு நாயிடம் போயிற்று. மனைவியைப் புதைத்த இடத்தில் நின்று தோட்டத்தில் நடந்ததையெல்லாம் சொல்லும் பழக்கமுள்ள ஒருவர் ஒரே வெள்ளிக்கிழமையில் "வாதுமை", "பூ", "சீக்கிரம்" மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவை திரும்பவே இல்லை. ஊர்ச்சபை கூடியது. சபைக்குத் தலைவர் ஹாஜிலாவ், எழுபது வயது, ஓய்வுபெற்ற நில அளவைக்காரர், எதையும் இரண்டு தடவை அளப்பவர். குழந்தைகளிடமும் கால்நடைகளிடமும் கல்லறைகளிடமும் உர்ஸோ பேசக் கூடாது என்று அவர் அறிவித்தார். பிறகு, அறிவிப்பில் செலவான சொற்களைத் திரும்ப வாங்க, கேட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் நின்றார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இஸ்ரபிலுக்கு இதெல்லாம் ரொட்டியோடு வந்து சேர்ந்தது. அவன் மனைவி சகினாத் பாலத்தின் நடுவில் நின்று அவார் மொழியில் சொல்லிவிட்டுப் போவாள். அவன் கேட்டுக்கொண்டு குடிசைக்குத் திரும்பி, வாசலில் கல்லின்மேல் உட்கார்ந்து எதிர்க்கரையைப் பார்ப்பான். ஊர்ச்சபை ஆகஸ்டில், கதிர் அடித்து முடிந்ததும் கூடி, ருகியாத்திடம் கேட்கும். அவள் சொல்வாளா மாட்டாளா என்பது ஒரு வருடமாக அவனுக்குள் இருந்த பயம். இப்போது அதன்மேல் இன்னொன்று ஏறிக்கொண்டது: சொல்ல நினைத்தாலும் அந்தச் சொல் அவளுக்குக் கிடைக்க வேண்டுமே. ஒன்றே ஒன்று. யாராவது விளையாட்டாகத் தொட்டுவிட்டால்? யாராவது நாயைப் பார்த்துச் சொல்லிவிட்டால்?

"யாரும் தொட மாட்டாங்க. அந்தச் சொல்லை எவன் எடுப்பான்?" என்றாள் சகினாத்.

"உப்பை எடுப்பாங்கன்னு யாராவது நினைச்சாங்களா?" என்றான் அவன்.

ஜூலை நடுவில் ஹாஜிலாவ் இரண்டாம் தடவை அளக்கிற தன் வழக்கப்படி, சபைக்கு முன்பே அந்தச் சொல் இருக்கிறதா என்று சோதித்தார். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சொல்லாமல், நாக்கின் நுனிவரை மட்டும் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. மறுபடி பார்த்தார். நாக்கின் நுனி வெறுமையாக இருந்தது. யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

அன்று தொடங்கிய தேடலில் உர்ஸோ வேறு வேலை பார்க்கவில்லை. ஹாஜிலாவ் ஒரு கைவிளக்கோடு வீடு வீடாகப் போனார். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், என்னென்ன சொற்கள் உருளுகின்றன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கைவிளக்கால் சொல் தெரியுமா என்று கேட்டவர்களுக்கு அவர், "தெரியாது, ஆனா பொய் தெரியும்" என்றார். ருகியாத்தின் வீட்டில் மட்டும் வாசலிலேயே நின்று கேட்டார். "என்கிட்ட இல்லை" என்றாள் அவள். அது உண்மை.

எல்லா வீடும் முடிந்த பிறகு யாரோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்தை நினைத்தார்கள்.

ஹாஜிலாவ் பாலத்தைத் தாண்டி வந்து குடிசை வாசலில் மூச்சு வாங்கினார். "வாயைத் திற, இஸ்ரபில்."

"பல்லுல ஏதோ கோளாறு, பெரியவரே. அஞ்சாறு வாரமா நாக்குக்கு அடியில ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு."

ஹாஜிலாவ் கைவிளக்கை அணைத்தார். "அதை நாக்கு நுனிக்குக் கொண்டு வா. சொல்லாதே. வெறுமனே கொண்டு வா."

இஸ்ரபில் கொண்டுவந்தான். அது என்னவென்று அவன் முகம் சொல்லிற்று. ஹாஜிலாவ் அவன் முகத்தைப் பார்த்தார், பின்னால் வந்திருந்த பதினைந்து பேரும் பார்த்தார்கள், அடுத்த ஒரு மணி நேரத்தில் பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மலாச்சியின் எண்களைப் பார்த்திருந்த ஊருக்கு விளக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடமாகத் தனியாகக் கிடக்கிறான், அவள் சொல்லப்போவதை நினைத்து நினைத்துத் தனக்கே சொல்லிப் பார்த்திருப்பான், அது அவனிடமே தங்கிவிட்டது. இஸ்ரபிலும் அதையே நம்பினான். சொன்ன ஞாபகம் இல்லை, தூக்கத்தில் சொல்லியிருக்கலாம். ஆசை கொஞ்சமா இருந்தது? தனக்கு வர வேண்டியதைத் தானே எடுத்துத் தின்றவன் என்ற வெட்கத்தில் அவன் இரண்டு நாள் ரொட்டி வாங்கப் பாலத்துக்கே போகவில்லை.

அதைத் திரும்ப எடுக்க ஒரே வழிதான்: அவன் அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரையாவது மன்னிக்க வேண்டும். ஊர் உதவ முன்வந்தது. பாலத்தில் வரிசை நின்றது. பலர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலில் வந்தவன் பக்கத்து வயல்காரன். "மச்சான், பத்து வருஷத்துக்கு முந்தி உன் வரப்பை ஒரு முழம் தள்ளினது நான்தான்."

"தெரியும்" என்றான் இஸ்ரபில். "அடுத்த வருஷமே ஒண்ணரை முழம் நான் தள்ளிட்டேனே."

வயல்காரனின் முகம் மாறியது. அவன் மன்னிப்புக் கேட்க வந்தவன் என்பதை மறந்து அளவுநாடா எடுத்துவர ஓடினான். அடுத்து வந்தவள் சகினாத்தின் அக்கா. "உன்னைக் கட்ட வேண்டாம்னு என் தங்கச்சிகிட்ட அஞ்சு தடவை சொன்னேன், தம்பி. முகமே சரியில்லைன்னேன்." "நீங்க சொன்னது சரிதானே, அண்ணி" என்றான் அவன், தாடியைத் தடவிக்கொண்டு. மூன்றாவதாக வந்த மலாச்சி ஒரு குற்றமும் கிடைக்காமல், வந்ததற்காக அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டு, "இப்ப மன்னி" என்றான். இஸ்ரபில் எல்லாரையும் பார்த்துச் சொல்லத்தான் பார்த்தான். சொல் அசையவில்லை. மற்ற சொற்கள் எப்படிச் சொன்னாலும் போயின. "உப்பு" என்று பொய்யாகச் சொன்னாலும் உப்பு போகும். இது அப்படியில்லை. காயம் இல்லாத இடத்தில் இது ஒட்ட மறுத்தது.

ஏழு நாள் இப்படிப் போயிற்று. ஏழாம் நாள் ஊர் பொறுமை இழந்தது. வேண்டுமென்றே வைத்திருக்கிறான் என்றார்கள். இனிமேல் ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும், எவன் எவனைத் தெரியாமல் கொன்றாலும், திரும்பி வர வழியில்லாமல் அடைத்துவிட்டான் என்றார்கள். திருடன் என்ற உர்ஸோச் சொல் கையிலிருந்து கையாகக் கடந்து ஆற்றங்கரைவரை வந்து, அங்கிருந்து அவனைப் பார்த்து எறியப்பட்டது. அதுவும் அவன் நாக்கடியில் வந்து உட்கார்ந்தது. அதை யாருக்குத் திருப்பிச் சொல்வதென்று தெரியாமல் அவன் வைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் மத்தியானம், சகினாத் ரொட்டியோடு பாலத்தின் நடுவுக்கு வந்தபோது, அவளுக்குப் பின்னால் ருகியாத் வந்தாள். பாலத்தின் நடுவில் சகினாத்தைத் தாண்டினாள். இறந்தவனின் தாய் பாலத்தைத் தாண்டுவது வழக்கத்தில் இல்லை; கூடாது என்று சொல்லக்கூட யாருக்கும் இதுவரை தோன்றியதில்லை. இஸ்ரபில் எழுந்து நின்று தலை குனிந்தான். அவள் அவன் உட்கார்ந்திருந்த கல்லில் உட்கார்ந்தாள். அறுபது வயது, உயரமானவள். ஒன்றரை வருடத்தில் தோள்கள் மட்டும் சிறுத்திருந்தன.

"நீ திருடலை" என்றாள், அவார் மொழியில்.

"தெரியலையே, அக்கா. தூக்கத்துல..."

"தூக்கமும் இல்லை. நான் சொன்னேன். ஜூன் மாசம். கம்பளி அலசக் கரைக்கு வந்தேன். நீ இந்தப் பக்கம் சட்டை துவைச்சுக்கிட்டிருந்தே. ஆத்துத் தண்ணி சட்டையை இழுத்துக்கிட்டுப் போச்சு. அது பின்னாடி ஓடி, வழுக்கி விழுந்து, எழுந்திருச்சப்போ கையில சட்டை இல்லை, எவனோ விட்ட பழைய பூட்ஸ் ஒண்ணு இருந்தது. நீ அதை வீசி எறியலை. தண்ணியை வடிச்சு, கம்பத்துல மாட்டி, வெயில் படற பக்கமாத் திருப்பி வச்சே. குளிர்ல நடுங்கிக்கிட்டு. என்னமோ அந்த ஆள் சாயங்காலம் வந்து போட்டுக்கிட்டுப் போகப்போறாப்ல."

இஸ்ரபிலுக்கு அந்த பூட்ஸ் ஞாபகம் இருந்தது. இடது கால்.

"எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவன் போனதுக்கப்புறம் முதல் தடவை. சிரிக்கிற வாயிலேருந்து அதுவும் விழுந்துருச்சு. உன்னைப் பார்த்து. ஆத்துச் சத்தத்துல உனக்குக் கேட்கலை. நான் வீட்டுக்கு ஓடிட்டேன். பெத்த பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்கான், நான் ஒரு பூட்ஸைப் பார்த்துச் சிரிச்சு அவன் சாவைக் குடுத்துட்டு வரேன். யார்கிட்டச் சொல்ல?"

யோசித்துப் பார்த்தால் ஊரே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். காயம் இல்லாத இடத்தில் அந்தச் சொல் ஒட்டாது என்பதை ஏழு நாளாகப் பாலத்தில் பார்த்தது; ஆசைக்காகத் தனக்கே சொல்லிக்கொண்டால் மட்டும் ஒட்டியிருக்குமா, யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆயிரத்து நூறு பேரும் நாற்பத்தொரு வேற்றுமையும் சேர்ந்தும், ஒரு தாய் யாரும் கேட்காமல் சொல்லியிருப்பாள் என்ற ஒன்றை மட்டும் நினைக்கவில்லை.

"ஏழு நாள், அக்கா" என்றான் இஸ்ரபில். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "ஏழு நாளா ஊரே பாலத்துல வரிசை கட்டி நின்னு, கடைசியில என்னைத் திருடன்னு சொன்னாங்க. நானும் திருடன்னே நம்பினேன். நீங்க ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டிருந்தீங்க."

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"பயந்தேன்."

ஒன்றரை வருடமாக யார்மேலும் கோபப்படத் தனக்கு உரிமையில்லை என்று இருந்தவனுக்குக் கோபம் வந்தது. நாக்கடியில் இருந்தது அசைந்தது. ருகியாத் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைந்ததை அவளும் கண்டாள்.

"இரு. முழுசாக் கேட்டுட்டுக் குடு" என்றாள். "அது எனக்கு வேணும். உனக்குச் சொல்றதுக்கு இல்லை. அவனுக்கு."

"தாஹிருக்கா?"

"அன்னைக்குக் காலையில சண்டை. மலையை விட்டுப் போறேன், நகரத்துலயே இருக்கப்போறேன்னான். ரொட்டியை வச்சேன். கையால தட்டிவிட்டுட்டுப் போனான். தரையில விழுந்துச்சு. ரொட்டியை, இஸ்ரபில். அப்படியே வந்து உன் பக்கத்துல ஏறினான். அந்த ரொட்டி இன்னும் என் நெஞ்சுல கிடக்கு. அவனை நினைச்சு அழ உட்கார்ந்தா முதல்ல கோபம்தான் வருது. ஒரு தடவை அவன்கிட்ட அதைச் சொல்லிட்டா அழுதுருவேன்."

"கல்லறையில சொன்னா அது திரும்ப வராது."

"வராது."

"சபையில எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது."

"இருக்காது. உனக்கு ஒரு தடவை சொல்லியாச்சுன்னு சத்தியம் பண்றேன். ஊர் ஒத்துக்கலாம். சாட்சி இல்லைன்னு தள்ளினாலும் தள்ளலாம். தள்ளிட்டா நீ சாகுறவரைக்கும் இங்கதான்." அவள் கல்லைத் தட்டினாள். "பொய் சொல்லி வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். பாலத்துல உன் வீட்டுக்காரியைப் பார்த்ததும் வாய் வரலை."

சகினாத் பாலத்தின் நடுவில் ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு கேட்டதென்று தெரியவில்லை. இஸ்ரபில் அவளைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான், எதிர்க்கரையில் தன் வீட்டுக் கூரையில் காய்ந்துகொண்டிருந்த வாதுமைக் கொட்டைகளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளிடமிருந்து கிடைத்ததை எவரும் எடுக்க முடியாது. ஊருக்குள் போக முடியாது, ஆனால் மன்னிக்கப்பட்டவனாகவே சாகலாம். கொடுத்துவிட்டால் கையிலும் இல்லை, வாயிலும் இல்லை.

கோபம் ஆறிக்கொண்டிருந்தது. ஆறிப்போனால் சொல் பழையபடி ஒட்டிக்கொள்ளும், பிறகு அசையாது என்று அவனுக்குத் தெரிந்தது. நிறுத்தி யோசிக்க நேரமில்லை. அவன் ருகியாத்தை நேராகப் பார்த்து, அந்த ஏழு நாளையும் நினைத்து, சொன்னான்.

போய்விட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பாலத்தை நோக்கி நடந்தாள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வருவதைக் கடைவாசலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சபை மைதானத்துக்குத் திரும்பாமல் மேலே கல்லறைப் பாதையில் ஏறுவதையும் பார்த்தார்கள். அடுத்து உர்ஸோவில் நடந்தது ஓட்டம். ஹாஜிலாவ் செருப்பில்லாமல் ஓடினார். மலாச்சி ஆடுகளை விட்டுவிட்டு ஓடினான். கத்த வேண்டிய "நில்" யாரிடம் இருக்கிறதென்று தெரியாமல் எல்லாரும் அவாரிலும் ருஷ்யனிலும் கத்தினார்கள். மண்சுவர்வரை வந்து எல்லாரும் நின்றார்கள். சுவருக்குள் அவள் மகனின் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயைப் பொத்தியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

அவள் சொன்னாள். முப்பத்தோரு வருடம் கழித்து ஊர் அந்தச் சொல்லைக் கேட்டது. சின்னச் சொல்தான் என்று பலருக்கு ஆச்சரியம். பிறகு அவள் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள், சூரியன் எதிர்மலையைத் தொடும்வரை அழுதாள்; குறுக்கே போக யாருக்கும் துணிவில்லை.

அழுகை முடிந்ததும் ஹாஜிலாவ் கேட்டார்: "ஊர்ச் சொத்தை மண்ணுல போட்டுட்டியே, ருகியாத். அங்க ஒருத்தன் உட்கார்ந்திருக்கானே, அவனுக்கு என்ன சொல்றது?"

"அவனுக்கு ஜூன் மாசமே சொல்லிட்டேன்."

"சாட்சி?"

அவள் முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன் வாயில அது இருந்ததை யார் பார்த்தது?"

குடிசைவரை போயிருந்த பதினைந்து பேரும் ஹாஜிலாவைப் பார்த்தார்கள். பார்க்காமலே பார்த்ததாகச் சொன்ன மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

"கைவிளக்கு எடுத்துக்கிட்டுப் போனது நீங்கதானே" என்றாள் அவள். "காயம் இல்லாம அது ஒட்டாதுன்னு ஏழு நாளாப் பார்த்தீங்களே, நான் சொல்லாம அது அங்க எப்படிப் போச்சு? தானாப் போச்சுன்னு சொல்வீங்களா, அளவைக்காரரே?"

ஹாஜிலாவ் அதை மனதுக்குள் இரண்டு தடவை அளந்தார். பிறகு பாலத்துக்கு ஆள் அனுப்பினார். இஸ்ரபில் தாடியோடும் வெறும் வாயோடும் ஆற்றைத் தாண்டி வந்தபோது ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. சகினாத் மட்டும் அவன் கையில் ரொட்டியைத் திணித்து, "இனிமே இந்தக் கரையிலேயே தின்னு" என்றாள்.

அந்தச் சொல் திரும்பவில்லை. அதன் இடத்தில் வேறொன்று செய்யலாமா என்று சபை மூன்று தடவை கூடியது. அவாரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், ருஷ்யனிலிருந்தும் என்றார்கள், எதுவும் நாக்கடியில் தங்கவில்லை. மெல்ல மெல்ல ஊர் வேறு விதமாக நடக்கத் தொடங்கியது. தவறு நேர்ந்தால் திரும்பி வர வழியில்லாத ஊரில் கல் வீசி ஆடு திருப்புகிறவன் இரண்டு தடவை பார்த்து வீசினான். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் துப்பாக்கிகளை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். கூரையில் பனி தள்ளுகிறவர்கள் கீழே எட்டிப் பார்த்து மூன்று தடவை குரல் கொடுத்தார்கள். வாசலில் ரொட்டியைத் தட்டிவிட எந்தப் பிள்ளையும் துணியவில்லை. உர்ஸோவுக்கு வந்துபோகும் அவார்க்காரர்கள் இவ்வளவு மரியாதையான, இவ்வளவு பயந்த ஊரை எங்கும் பார்த்ததில்லை என்று சந்தையில் சொல்லிச் சிரித்தார்கள்.

எல்லாரையும்விடப் பயந்தவன் இஸ்ரபில். செப்டம்பரில் புது வேன் ஓட்டத் தொடங்கினான். முன்பு இரண்டு மணி நேரத்தில் இறங்கிய மலையை நாலரை மணி நேரத்தில் இறங்கினான், வளைவுகளில் இறங்கிப் போய்க் கல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து ஏறினான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களும் பிடியை இறுக்கிக்கொண்டு கற்களைத்தான் எண்ணிக்கொண்டு வந்தார்கள். முன் இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. அக்டோபரில் ஒரு சந்தை நாள் காலை ருகியாத் கம்பளி மூட்டையோடு வந்து, கதவைத் திறந்து, முன்னால் ஏறி உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது வளைவு வந்தது. வேன் நடக்கிற ஆளைவிட மெதுவாக ஊர்ந்தது.

"வேகமாப் போப்பா" என்றாள் ருகியாத். "சந்தை மூடிடுவாங்க."

இஸ்ரபில் கேட்காததுபோல் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வேனில் பயப்படாமல் உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.